வெள்ளைக்காரன் எங்கள் ஊரைவிட்டுப் போன நாள்

போன கிழமை வாடைக்காற்று பிடித்ததும், ஓட்டில் எங்கே ஒழுக்கு என்று பார்க்கப் பரணில் ஏறினேன். ஒழுக்கு அகப்படவில்லை, அப்பப்பாவின் தகரப் பெட்டி அகப்பட்டது. உள்ளே மண்ணெண்ணெய் மணக்கும் பழஞ்சாரத்தில் சுற்றிய ஸ்பனர் ஒன்று. சாண் நீளம், கைக்குக் கனம். துடைத்துப் பார்த்தால் கைப்பிடியில் காகத்தின் கால் தடம் போல மூன்று கோடு. பிரித்தானிய அரசு தன் சொத்துகளில் குத்திவைக்கும் அம்புக்குறி அது. அப்பப்பா இதை விலைக்கு வாங்கினாரா, இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாரா என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.

அவர் திருகோணமலைக் கடற்படை டொக்யார்டில், கப்பல் திருத்தும் இடத்தில், இயந்திரம் பூட்டுகிற பிட்டர். நான் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு 1948 பெப்ரவரி 4 ஐப் பாடமாக்குவதைக் கேட்டால் சிரிப்பார். "அண்டைக்கு ஆரடா போனது? அடுத்த நாளும் நான் துரையிட்டத்தானே வேலைக்குப் போனனான்."

உண்மைதான். சுதந்திரத்துக்கு மூன்று மாதம் முந்தியே, 1947 நவம்பரில், ஒரு பாதுகாப்பு ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் அவர்களுடைய பாவனையிலேயே இருந்தன. கொழும்பில் கொடி மாறிய பிறகு எங்கள் துறைமுகத்தில் மாற இன்னும் ஒன்பது வருடம் எடுத்தது.

ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது மார்கழியில் உவர்மலையில் நின்று பார்த்தால் விளங்கும். வெளிக்கடல் குமுறிக்கொண்டிருக்கும், உள்துறைமுகம் குளம் மாதிரிக் கிடக்கும். கிழக்கிந்தியக் கம்பனிக்குச் சென்னையில் கோட்டை இருந்தது, துறைமுகம் இல்லை. ஐப்பசியில் வாடை தொடங்கினால் சோழமண்டலக் கரையில் போர்க்கப்பலை நிறுத்த முடியாது. இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போகவேண்டும். திரும்பி வரும்வரை வங்காள விரிகுடா கதவு திறந்த வீடு. வாடைக்கும் சோளகத்துக்கும் ஒதுங்க இந்தப் பக்கத்தில் நல்ல இடம் எங்களுடையதுதான்.

அதனால்தான் 1782 அந்தப் பாடு பட்டது. ஜனவரியில் பிரித்தானிய அட்மிரல் ஹியூஸ், ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, ஊரைப் பிடித்தார். ஓகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் வந்து அதைப் பறித்தார். ஹியூஸ் உதவிக்கு வந்து சேர்ந்தபோது கோட்டையில் பிரெஞ்சுக் கொடி பறந்தது. செப்டம்பர் 3 ஆம் திகதி இரண்டு பேரும் கடலில் மோதி, இரண்டு பேருமே அடிபட்டு விலகினார்கள். கடைசியில் சமாதானம் பேசி ஒல்லாந்தருக்கே திருப்பிக் கொடுத்தார்கள். வாடகைக்காரர் மாறி மாறிச் சண்டை பிடிக்க, வீட்டுக்காரனை ஒருவரும் கேட்கவில்லை.

1795 இல் பிரான்ஸ் ஒல்லாந்தைப் பிடித்தது. இங்கிலாந்துக்கு ஓடிய ஒல்லாந்து இளவரசர், தங்கள் குடியேற்றங்களைப் பாதுகாக்கப் பிரித்தானியரை உள்ளே விடும்படி கடிதம் எழுதிக் கொடுத்தார். பாதுகாக்க வந்தவர்கள் ஒன்றரை நூற்றாண்டு பாதுகாத்தார்கள். வந்த மாதமே அவர்களுடைய டயோமீட் என்ற போர்க்கப்பல் இங்கே பாறையில் மோதித் தாழ்ந்தது. அது எங்கள் ஊர்ச் சிவன் கோணேசர் வேலை என்பது அம்மம்மாவின் கட்சி. ஆனாலும் அந்த ஓகஸ்டிலேயே கோட்டை விழுந்தது. அடுத்த வருடம் கொழும்பு, 1815 இல் கண்டி.

கோட்டை வாசலில் இரட்டைக் கயலும் சிதைந்த தமிழ் வரிகளும் இன்னும் இருக்கின்றன. குளக்கோட்டன் என்ற ராசா கட்டிய கோயிலைப் போர்த்துக்கேயப் பறங்கி பிரிப்பான், பிறகு பூனைக்கண்ணன், செங்கண்ணன், புகைக்கண்ணன் எல்லாம் வருவான் என்று அதை நீட்டிச் சொல்வார்கள் பெரியவர்கள். இதில் எந்தக் கண் இங்கிலிஸ்காரனுடையது என்று தேத்தண்ணிக் கடையில் கேட்டுப் பாருங்கள், மூன்று பதில் வரும்.

அப்பப்பாவுக்கு அந்தக் கண்களில் பயம் தெரிந்தது 1942 ஏப்ரல் 9 காலையில். பெப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்திருந்தது. இப்போது யப்பான் விமானங்கள் டொக்யார்டிலும் சீனக்குடா விமானத் தளத்திலும் குண்டு போட்டன. முதல் நாள் இரவு இங்கிருந்து வெளியேறிய ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் 300 பேருக்கு மேல் பலிகொடுத்துத் தாழ்ந்தது. அப்பப்பாவுக்குப் பதினாறு வயது, வேலை பழகுகிற பெடியன். கன்னியாப் பக்கக் காட்டுக்கு ஓடினாராம். "ஒரு வெள்ளைக்காரன் எனக்கு முன்னால ஓடினான். அண்டைக்குத்தான் அவனும் மனிசன் எண்டு கண்டனான்."

1956 இல் ஆட்சிக்கு வந்த பண்டாரநாயக்க தளங்களைத் திருப்பிக் கேட்டார். இலண்டன் இணங்கியது. அந்த வருடக் கடைசியில் சூயஸில் அவர்களுக்கு மூக்கும் உடைபட்டது. சந்தோசப்பட வேண்டிய சங்கதிதான். ஆனால் அதே மனிதர்தான் அந்த ஜூனில் தனிச் சிங்களச் சட்டத்தையும் கொண்டுவந்தார். ஓகஸ்டில் அதை எதிர்த்துத் தமிழரசுக் கட்சி மாநாடு கூட்டியதும் எங்கள் ஊரில்தான்.

1957 ஒக்டோபர் 15 அன்று பிரித்தானியக் கொடி இறங்கியது. கைதட்டினீங்களா அப்பப்பா என்று கேட்டிருக்கிறேன்.

"வேலை இருக்குமோ எண்டு யோசிச்சனான். இருந்தா, புதுத் துரைக்கு எந்தப் பாசையில கடிதம் எழுதுறது எண்டும் யோசிச்சனான்."

வேலை இருக்கவில்லை. வெள்ளைக்காரர் மாலைதீவின் கான் தீவில் விமானத் தளம் போட்டுக்கொண்டு இருந்து, 1976 இல் அதையும் விட்டுப் போனார்கள். பெரிய வீட்டில் இருந்தவர் வாடகை அறைக்கு மாறிப் பிறகு அதையும் காலி செய்கிற மாதிரி.

அப்பப்பா வீட்டு முன் விறாந்தையில் சைக்கிள் கடை போட்டார். ராலி சைக்கிள் எல்லாம் அங்குல அளவு, ஆகவே அம்புக்குறி ஸ்பனர் இருபது வருடத்துக்கு மேல் சோறு போட்டது. அப்புறம் ஊருக்குள் ஹொண்டா வந்தது. எல்லா நட்டும் மில்லிமீட்டர். 1942 இல் குண்டு போட்டும் யப்பான்காரனால் முடியாதது, ஒரு நட்டால் முடிந்தது. நேற்றுத் தண்ணீர் மோட்டரில் போட்டுப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டுதான் போகிறது.