தேக்கு வேண்டாம், சோலை மரம் கொடுங்கள்

கொடைக்கானல் மேல்மலையில் அரசின் இலவச மரக்கன்று வாங்கி நடக் கிளம்புகிறவர்களுக்கு என் முதல் எச்சரிக்கை: நிலத்தின் பயிர்க் கணக்கான அடங்கலை ஜூன் மாதத்தில் வாங்காதீர்கள். வருவாய்த் துறைக் கணக்கில் வரும் பசலி ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி பிறக்கிறது. 2024 ஜூன் கடைசியில் வி.ஏ.ஓ.வைத் தேடிப் பிடித்து வாங்கிய அடங்கலை ஜூலை முதல் வாரத்தில் கன்றுக்கு மனுக் கொடுக்கும் அலுவலகத்தில் கொண்டுபோய் நீட்டினேன். "இது 1433. நடப்புப் பசலி 1434 சார், புதிதாக வாங்கி வாருங்கள்" என்று எழுத்தர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல் திருப்பித் தந்தார். நிலம் அதே நிலம், கையெழுத்துப் போட்டவரும் அதே ஆள். மன்னவனூர்ப் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துக் கொடைக்கானல் வந்து, இதைக் கேட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறுவதற்குள் ஒரு முழுநாள் போய்விடும்.

நிலத்தில் பாதி வாட்டில் எனப்படும் ஆஸ்திரேலியச் சீகை மரக்காடு. மீதி, பூண்டும் உருளைக்கிழங்கும் போட்டுவந்த படிக்கட்டு நிலம். இரண்டுக்கும் நடுவே ஓர் ஓடை. அப்பா காலத்தில் கோடையிலும் ஓடியது. இப்போது மார்ச் வந்தால் ஈரக் கசிவுதான் மிச்சம். ஓடையின் இரு கரையிலும் என்றும் பசுமையான சோலை மரங்களை வைக்க வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மேட்டுப் புல்வெளியைத் தொடும் எண்ணம் இல்லை. இந்த மலைகளில் பள்ளத்தில் சோலை, மேட்டில் புல் என்பதுதான் பழைய அமைப்பு. புல் மேட்டிலும் மரத்தை நட்டுவிட்டு மலையைக் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொள்கிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

இலவசக் கன்றுக்கு உழவன் செயலியில் பதிவு செய்யச் சொன்னார்கள். பதிவுக்கு ஓ.டி.பி. வர வேண்டும், எங்கள் ஊரில் சிக்னல் வந்தால்தானே? பஸ் நிறுத்தத்துத் திண்ணையில் ஏறி நின்றால் இரண்டு கோடு தெரியும், அங்கே நின்று பதிவு செய்தேன். அடுத்து பட்டா. எங்களுடையது கூட்டுப்பட்டா என்பதால் திருப்பூரில் இருக்கும் சித்தப்பாவின் ஒப்புதல் கடிதம் கேட்டார்கள். வாட்ஸ்அப்பில் வரவழைத்து அச்சிட்டுக் கொடுத்தால் செல்லாது, பேனாவால் போட்ட கையெழுத்துதான் வேண்டுமாம். சித்தப்பாவுக்கோ வேறு கவலை. "என்னடா, மரம் நடுகிறேன் என்று சொல்லி நிலத்தை எழுதி வாங்கப் பார்க்கிறாயா?" என்றார். அம்மா போனில் அரை மணி நேரம் பேசிய பிறகுதான் கடிதம் கூரியரில் வந்தது. உங்களுடையதும் கூட்டுப்பட்டா என்றால், உட்பிரிவுக்கு இப்போதே எழுதிக் கொடுங்கள். அது முடியும்வரை அண்ணன் தம்பிகளைப் பகைத்துக்கொள்ளாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு கையில் வந்த பட்டியலில் இருந்தவை தேக்கு, மகாகனி, வேங்கை, செம்மரம்.

"எங்கள் நிலம் ஆறாயிரம் அடிக்கு மேல் இருக்கிறது. உறைபனி விழும் இடத்தில் தேக்கு எப்படி வரும்?" என்று கேட்டேன்.

"பட்டியலில் இருப்பதைத்தான் தர முடியும் சார். சில்வர் ஓக் வேண்டுமானால் கேட்டுப் பார்க்கிறேன், அதுவும் பசுமையான மரம்தானே?"

சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரம். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக் கொடிக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் ஓடைக் கரைக்கு நான் கேட்டது அதுவல்ல. தாள்களை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தேன். வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். நடுவதற்கு முன் வாட்டிலை வெட்டி இடத்தைச் சுத்தம் செய்துகொள்ளலாம் என்று நினைத்துக் கூலிக்கு ஆள் பேசிவிடாதீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, இங்கே சொந்த நிலத்து மரத்தை வெட்டவும் அந்தச் சட்டப்படி அமைத்த குழுவின் அனுமதி வேண்டும். அந்த மனுவுக்கு என்னென்ன தாள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டிருந்தபோதுதான் பக்கத்து நிலத்துப் பெரியவர் குறுக்கிட்டார். "எதற்குத் தம்பி வெட்டுகிறாய்? சோலைக் கன்றுக்கு வெயில் ஆகாது. வாட்டிலுக்கு அடியிலேயே வை, அது குடை பிடிக்கட்டும்." அவர் என்னைக் கூட்டிப்போய்ப் பழைய வாட்டில் தோப்பு ஒன்றைக் காட்டினார். குருவி எச்சமிட்ட விதையிலிருந்து தானாக முளைத்த சோலைச் செடிகள் அடியில் இடுப்பளவு நின்றன. மரம் வெட்ட மனுப் போடும் வேலை எனக்கு மிச்சமானது.

சோலை நாற்று வளர்க்கும் தனியார் ஒருவரைக் கண்டுபிடித்தது அதற்குப் பிறகுதான். போய்ப் பார்த்தால் கன்றுகள் சாண் அளவுதான் இருந்தன. அவற்றுக்கு வயது இரண்டு என்றார். சோலை மரங்கள் பலவற்றின் விதையை எடுத்து வைத்து விதைக்க முடியாது, பழம் விழுந்ததும் போட்டாக வேண்டும். முளைத்த பிறகும் வளர்ச்சி ஆமை வேகம்தான். மலை நாவல், காட்டுச் செண்பகம், உருத்திராட்ச இனத்தைச் சேர்ந்த ஒரு மரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டேன். கடைசி மரத்தின் முற்றிய இலைகள் உதிரும் முன் நல்ல சிவப்பாகிவிடும். அதைப் பார்த்துக் கன்று காய்கிறது என்று நினைத்து யாரும் ஒதுக்க வேண்டாம். ஓரத்து வெளிச்சமான இடத்துக்குக் காட்டுப்பூவரசு. பனியைத் தாங்குவதில் அதுதான் கெட்டி.

வாங்கும்போது உயரத்தைப் பார்க்காதீர்கள், பையின் அடியைப் பாருங்கள். ஒரு கன்றின் பையைக் கிழித்துக் காட்டச் சொன்னேன். அடியில் வேர் சுற்றிச் சுற்றிச் சும்மாடு போலக் கிடந்தது. அந்த வரிசை முழுவதையும் வேண்டாம் என்றேன். நாற்றுக்காரருக்கு முகம் சுண்டிவிட்டது; ஆனாலும் வேறு வரிசையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். திறந்த பிக்கப்பில் ஏற்றினால் காற்றில் இலை கருகும், மேலே ஈரச் சாக்கு போட்டே ஆக வேண்டும். ஓட்டுநர் அதெல்லாம் எதற்கு என்றார். சாக்கை நானே பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தேன்.

நடவு சுலபமாக முடிந்தது. மலைச் சரிவில் பெரிய குழி தேவையில்லை, பையை விடச் சற்று அகலமாக இருந்தால் போதும். பெரிதாகத் தோண்டினால் மழையில் மேல்மண் இறங்கிவிடும். பையைப் பிளேடால் கீறி எடுங்கள், இழுக்காதீர்கள். கிழித்த பைகளை எண்ணிச் சாக்கில் கட்டிக் கீழே கொண்டு வந்துவிடுங்கள்.

தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். வெட்டவெளியில் வைத்த வரிசைக்குள் ஓர் இரவு காட்டுமாடுகள் இறங்கின. தின்னவில்லை, மிதித்துவிட்டுப் போயின. மிச்சத்தின் கொழுந்தைக் கடமான் கடித்தது. முள் புதருக்குள் ஒளித்து வைத்த கன்றுகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஆகவே புதரை வெட்டாதீர்கள், அதற்குள்ளேயே கையை நுழைத்து நடுங்கள். கை கீறும், பரவாயில்லை. கிக்கியூ புல் இன்னொரு பகை. கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தப் புல், ஒரு மழைக்காலம் கவனிக்காமல் விட்டால் சாண் கன்றை மூடிவிடும். கன்றைச் சுற்றி இரண்டு முழத்துக்கு வேரோடு பிடுங்கி, வாட்டில் சருகைப் போட்டு மூட வேண்டும்.

டிசம்பரில் உறைபனி விழுந்தது. திறந்த இடத்து நாவல் கன்றுகளின் நுனி கறுத்துப்போனது. வாட்டிலுக்கு அடியில் இருந்தவற்றின் இலையில்கூட ஒரு கரும்புள்ளி இல்லை. பெரியவர் வந்து பார்த்துவிட்டு, கறுத்த நுனிகளை இப்போது கிள்ளாதே, பிப்ரவரி தாண்டட்டும் என்று மட்டும் சொன்னார். கிள்ளாமல் விட்டதில் பாதிக்கு மேல் அடியிலிருந்து சிவந்த துளிர் விட்டிருக்கின்றன.

செத்த இடங்களை நிரப்ப அடுத்த பருவத்துக்கு இன்னும் கன்று வேண்டும். நாற்றுக்காரரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு செண்பகம் சரியாகக் காய்க்கவில்லையாம். நாவலும் காட்டுப்பூவரசும்தான் கிடைக்கும் என்கிறார். வேண்டுகிறவர்கள் முன்பணம் கொடுத்து வைப்பது நல்லது.