டெக்சஸில் பிள்ளையை டி.ஏ.இ.பி.க்கு அனுப்பினால்: நாள் கணக்கைவிட கிரெடிட்டைக் கவனியுங்கள்

டி.ஏ.இ.பி. என்பது ஒழுங்கு மீறிய மாணவர்களைத் தங்கள் பள்ளியிலிருந்து எடுத்துச் சில நாட்களுக்கு அனுப்பிவைக்கும் மாற்றுப் பள்ளித் திட்டம். பையில் ஒரு வேப் (மின் சிகரெட்) இருந்தாலே டி.ஏ.இ.பி. என்று 2023 செப்டம்பரில் ஹெச்.பி. 114 என்ற மாநிலச் சட்டம் கட்டாயமாக்கியது. 2025இல் ஹெச்.பி. 6 வந்து முதல் தடவை மாட்டுகிறவர்களுக்குக் கொஞ்சம் தளர்வு கொடுத்தது. எங்கள் பையன் அங்கே இருந்துவிட்டு தன் பழைய பள்ளிக்கே திரும்பிவிட்டான். படிப்பு நிற்கவில்லை, ஆசிரியர்களும் நல்லவர்கள்தான். ஆனால் கிரெடிட் (ஒரு பாடத்தை முடித்ததற்குப் பள்ளி தரும் அங்கீகாரம்) விஷயத்தில் பட்ட பாட்டை நினைத்தால் இன்னும் மனசு ஆறவில்லை.

டி.ஏ.இ.பி.யில் ஆங்கிலம், கணக்கு, அறிவியல், வரலாறு இந்த நான்கும்தான் முக்கியம். கம்ப்யூட்டர் சயின்ஸ், ஆர்கெஸ்ட்ரா, மூன்றாம் வருட ஸ்பானிஷ் எல்லாம் அங்கே நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். "திரும்பி வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்" என்றார் பள்ளியின் மாணவர் ஆலோசகரான கவுன்சிலர். செமஸ்டர் முடிவில் அந்தப் பாடங்களுக்கு நேரே கிரெடிட் இல்லை. சம்மர் ஸ்கூலில் முடிக்கலாம், ஆனால் பணம் கட்ட வேண்டும் என்று பள்ளி அலுவலகத்தில் கறாராகச் சொன்னார்கள்.

அது தவறு. டெக்சஸ் கல்விச் சட்டம் 37.008, உட்பிரிவு எல்: டி.ஏ.இ.பி.க்கு அனுப்பிய மாணவர் அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்குள் பாடங்களை முடிக்க பள்ளி மாவட்டம் வாய்ப்புத் தர வேண்டும்; சம்மர் ஸ்கூல், தொலைநிலை வகுப்பு, அஞ்சல் வழி எதுவானாலும் கட்டணம் வாங்கக் கூடாது. இதைப் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவிப்பதும் அவர்கள் கடமை. அந்தப் பிரிவை அச்செடுத்து மேஜைமேல் வைத்த பிறகுதான் கட்டணம் ரத்தானது. ஏ.பி. பாடம் (கல்லூரித் தரப் பாடம்) எடுக்கிற பிள்ளையானால் இன்னும் உஷாராக இருங்கள். சாதாரண வகுப்புக்கு மாற்றிவிட்டால் வெயிட்டட் ஜி.பி.ஏ. (கடினமான பாடங்களுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் சராசரி மதிப்பெண்) இறங்கும், கூடவே ரேங்க்கும் இறங்கும். ரேங்க்கில் முதல் 10 சதவீதத்தில் வருபவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் தரும் டாப் 10 சதவீத விதியை நம்பியிருக்கிற வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆகவே முதல் மீட்டிங்கிலேயே கேளுங்கள். வகுப்பிலிருந்து நீக்கிய மூன்றாவது பள்ளி நாளுக்குள் அந்த கான்ஃபரன்ஸுக்கு ஏற்பாடு செய்தாக வேண்டும். நீங்கள் போகாவிட்டாலும் டி.ஏ.இ.பி.க்கு அனுப்பும் ஆர்டர் போட்டுவிடுவார்கள், அதனால் வேலையை விட்டாவது போய்விடுங்கள். தற்காப்புக்காகச் செய்ததா, உள்நோக்கம் உண்டா, முந்தைய ஒழுங்கு நடவடிக்கை ஏதும் உண்டா, மாற்றுத்திறன் காரணமா என்பதையெல்லாம் அவர்கள் கணக்கில் எடுத்தாக வேண்டும். வாயால் சொன்னதோடு விடாமல் அதே இரவு மின்னஞ்சலிலும் எழுதிப் போடுங்கள். ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) பிள்ளையானால், அந்தப் பிள்ளையின் கல்வித் திட்டத்தை முடிவு செய்யும் ஏ.ஆர்.டி. குழு கூடி, நடந்தது குறைபாட்டின் விளைவா என்று 10 பள்ளி நாட்களுக்குள் பார்த்தாக வேண்டும்; அவர்களாகச் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

60 நாளையோ அடுத்த கிரேடிங் பீரியடின் (மதிப்பெண் போடும் பருவத்தின்) முடிவையோ, எது முன்னால் வருகிறதோ அதைத் தாண்டுகிற ஆர்டர் என்றால், பள்ளி மாவட்ட போர்டின் முன்போ அவர்கள் நியமித்தவர் முன்போ பேச உங்களுக்கு உரிமை உண்டு. வேறு மாவட்டத்துக்கு வீடு மாற்றித் தப்பிக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். ஆர்டர் கூடவே போகும், புது மாவட்டம் அதைத் தொடரவும் செய்யலாம்.

டி.ஏ.இ.பி.யில் சேர்க்கும் இன்டேக் அன்று ஒரு காலை வீணானது. பையன் போட்டிருந்த போலோ சட்டையின் மார்பில் விரல் நகம் அளவுக்கு ஒரு லோகோ. அதற்காகவே வாசலில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்டேக் முடியாத நாள், அங்கே இருக்க வேண்டிய நாட்களின் கணக்கில் சேரவில்லை, லீவு போட்ட நாளும் சேரவில்லை. லோகோ இல்லாத ஒரே நிறச் சட்டை, பெல்ட், கையில் ஆர்டரின் நகல். போன் வீட்டிலேயே இருக்கட்டும். ஆடை விதி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், முந்தின நாளே போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

திரும்பி வரும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே கவுன்சிலருக்கு எழுதி, பழைய வகுப்புகளில் இடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சும்மா இருந்தால் எது காலியோ அதில் உட்கார வைத்துவிடுவார்கள்.