எச்சிலும் சளியும்

மைக்ராஸ்கோப் பார்ப்பதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டு அரசு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே டப்பாவோடு நிற்கிறவரிடம் பேசுவதும் அதே வேலைதான் என்று புரிய இரண்டு வருடம் ஆயிற்று. புரியவைத்தவர் பனியன் கம்பெனியில் பிசிர் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அக்கா.

முப்பத்தைந்து வயது இருக்கும். மூன்று வாரமாக இருமல், சாயங்காலம் ஆனால் காய்ச்சல், ரவிக்கை தோளில் நிற்காத அளவுக்கு இளைத்திருந்தார். காசநோயா என்று பார்க்க டாக்டர் சளிப் பரிசோதனை எழுதியிருந்தார். டப்பாவை நீட்டி, "சளி துப்பிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னேன். பின்னால் நீளமான வரிசை. ஐந்தே நிமிடத்தில் திரும்பி வந்தார். டப்பாவில் தண்ணீர் மாதிரி ஏதோ, மேலே நுரை. எச்சில் என்று பார்த்தவுடனே தெரிந்தது. திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பார்க்க வேண்டிய ஸ்லைடுகள் குவிந்து கிடந்தன, வாங்கி வைத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் வீட்டிலிருந்து எடுத்து வந்த இரண்டாவது டப்பாவும் அப்படியே. இரண்டுக்கும் நெகட்டிவ் என்று எழுதினேன்.

பரிசோதனையில் நான் எதையும் விட்டுவிடவில்லை. ஸ்லைடில் தடவி, காயவைத்து, கார்பால் ஃபுக்சின் ஊற்றி, ஆவி எழும்வரை அடியில் தீ காட்டினேன். காசநோய்க் கிருமிக்கு மெழுகு போன்ற உறை இருக்கிறது. சூடு காட்டினால்தான் அதற்குள் சாயம் இறங்கும், இறங்கிவிட்டால் 25 சதவீதக் கந்தக அமிலத்தாலும் வெளுக்காது. மற்றதெல்லாம் வெளுத்துப்போய், கடைசியில் ஊற்றும் மெத்திலீன் ப்ளூவில் நீலமாகிவிடும். நீலத்துக்கு நடுவே மெல்லிய சிவப்புக் குச்சிகளைத் தேட வேண்டும். லென்ஸில் ஒரு சமயத்தில் தெரியும் வட்டத்தை ஃபீல்டு என்போம். நெகட்டிவ் என்று எழுதுவதற்கு முன் 100 ஃபீல்டாவது பார்க்க வேண்டும், பார்த்தேன். ஆனால் ஒரு மில்லி சளியில் 5,000 முதல் 10,000 கிருமியாவது இருந்தால்தான் இந்த முறையில் கண்ணில் படும். நெஞ்சிலிருந்து வராத எச்சிலில் எத்தனை ஃபீல்டு பார்த்தாலும் என்ன கிடைக்கும்?

மூன்று மாதம் கழித்து இருமலில் ரத்தம் வந்து அவரை வார்டில் சேர்த்தார்கள். இந்த முறை வந்தது கெட்டியான மஞ்சள் சளி. லென்ஸை இறக்கிய முதல் ஃபீல்டிலேயே பத்துக்கு மேல் குச்சிகள். கிருமி மிக அதிகம் என்பதற்கான 3 பிளஸை எழுதும்போது பழைய ரிஜிஸ்டரில் என் கையெழுத்தில் இருந்த நெகட்டிவைப் புரட்டிப் பார்த்தேன். அந்த மூன்று மாதமும் அவர் இருமிக்கொண்டே கம்பெனிக்கும் வீட்டுக்கும் போய்வந்திருக்கிறார். வீட்டில் நான்கு வயதுப் பையன். நல்லவேளையாக அவனுக்கு நோய் இல்லை, ஆனாலும் ஆறு மாதம் தடுப்பு மாத்திரை சாப்பிட வேண்டியதாயிற்று.

வார்டுக்குப் போய் அவரிடமே கேட்டேன். "அத்தனை ஆம்பளைங்க நிக்கற எடத்துல எப்படிக் கண்ணு காறித் துப்பறது? எச்சில்தான் கேக்கறீங்கன்னு நெனச்சேன். வேற எப்படித் தரணும்னு யாரும் சொல்லலையே" என்றார். சொல்லாதது நான்தான். அதை அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

அதற்கப்புறம் டப்பாவை ஜன்னல் வழியாக நீட்டுவதை விட்டுவிட்டேன். லேபுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் இருக்கிறது. சளி எடுக்கத் திறந்தவெளிதான் நல்லது, காற்றும் வெயிலும் கிருமியை நிற்கவிடாது. பெண்களைத் தனியாக அங்கே அழைத்துப்போவேன். வாயைத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொல்வேன். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, அடிநெஞ்சிலிருந்து இருமச் சொல்லி, நானே செய்தும் காட்டுவேன். நம்பரை மூடியில் எழுதாமல் டப்பாவின் உடம்பில் எழுதுவேன், ஏனென்றால் மூடி மாறினால் ஆளே மாறிவிடும். ஒருவருக்கு மூன்று நிமிடம் ஆகும். 2007-இல் வெளியான ராவல்பிண்டி ஆய்வு ஒன்றைப் பற்றி ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். சளி எப்படித் தருவது என்று சொல்லிக்கொடுத்ததாலேயே பெண்களிடம் கூடுதலாக நோயைக் கண்டுபிடிக்க முடிந்ததாம். எனக்கு அந்த அக்கா முகம்தான் ஞாபகம் வந்தது. இரண்டு மாத மாத்திரை முடிந்து மறுபரிசோதனைக்கு வந்தபோது அவரே டப்பாவைத் திறந்து காட்டி, "இது போதுமா கண்ணு?" என்று கேட்டார். போதுமானதாக இருந்தது. நெகட்டிவ் என்று எழுதினேன், இந்த முறை எழுதக் கை தயங்கவில்லை.

1882 மார்ச் 24 அன்று பெர்லினில் ராபர்ட் கோக் இந்தக் கிருமியை அறிவித்தார். இன்று எங்கள் லேபில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் மெஷின் இருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள் கிருமி இருக்கிறதா, ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்துக்கு அடங்குமா என்று இரண்டையும் சொல்லிவிடும். அருமையான மெஷின். ஆனால் அதுவும் டப்பாவில் இருப்பதைத்தான் பார்க்கும்.

சிறுநீரில் இருக்கும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையிலும் இதே கதை, தலைகீழாக. சளியில் இருக்கும் கிருமி தப்பிவிடும், சிறுநீரில் இல்லாத நோய் வந்துவிடும். ஈ கோலை என்ற கிருமி தோதான சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஆயிரம் கிருமி மூன்று மணி நேரத்தில் ஐந்து லட்சத்தைத் தாண்டிவிடும். மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேல் என்றால் தொற்று என்று எழுதுவது வழக்கம். காலை ஏழு மணிக்கு எடுத்த டப்பா வார்டு ஜன்னலில் வெயில் காய்ந்துவிட்டுப் பதினொரு மணிக்கு வந்தால், நான் எண்ணுவது அந்தக் கர்ப்பிணியின் நோயையா, ஜன்னலில் வளர்ந்ததையா? தேவையில்லாமல் ஆன்டிபயாடிக் சாப்பிடப்போவது அவர். இரண்டு மணி நேரத்துக்குள் அனுப்ப முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினேன். அப்புறம் ஒரு நாள் குழந்தையின் முதுகுத் தண்டு நீரையும் ஃப்ரிட்ஜில் வைத்து அனுப்பினார்கள். மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் குளிரில் செத்துப்போகும். அதை உடனே கையோடு கொண்டுவர வேண்டும். திசுவைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போட்டுக் கல்ச்சருக்கு அனுப்புவதும் உண்டு, அதில் வளர எதுவும் உயிரோடு இருக்காது. ஹவுஸ் சர்ஜன்களை ஒரு வாரமாவது லேபில் எங்களோடு உட்காரவைக்க வேண்டும் என்பது என் ஆசை.

ரத்தக் கல்ச்சருக்காகத்தான் அதிகம் வாதாடியிருக்கிறேன். "காய்ச்சல் 104 அடிக்குது, எப்படிம்மா நோ குரோத்?" என்று ஒரு டாக்டர் கேட்டார். கிருமி எதுவும் வளரவில்லை என்று நான் எழுதியிருந்தேன். கேஸ் ஷீட்டைப் பார்த்தால் இரண்டு டோஸ் ஆன்டிபயாடிக் ஊசி போட்டபின் எடுத்த ரத்தம், அதுவும் 2 மில்லி. பெரியவர்களுக்கு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி வேண்டும், மருந்துக்கு முன்னால் வேண்டும். மருந்தைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள், அவ்வளவுதான். தோலைச் சரியாகத் துடைக்காமல் எடுத்தால் தோலில் இருக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி வளர்ந்து எல்லோரையும் குழப்பும்.

போன மழைக்காலத்தில் நைட் டியூட்டியில் இருந்தேன். பதினொரு மணிக்கு வார்டிலிருந்து போன். "மருந்து ட்ரேயில ரெடியா இருக்கு, இன்னும் ஏத்தல. கல்ச்சர் பாட்டில் வேணும்" என்றார் சிஸ்டர். நானே எடுத்துக்கொண்டு ஓடினேன். இரண்டு கையிலும் தனித்தனியாக ரத்தம் எடுத்தார், பாட்டில் மூடியை ஸ்பிரிட்டால் துடைத்தார், நேரத்தை எழுதினார். மறுநாள் மத்தியானம் இரண்டு பாட்டிலிலும் வளர்ச்சி. கிராம் ஸ்டெயின் என்ற சாயம் போட்டுப் பார்த்தால் இளஞ்சிவப்புக் குச்சிக் கிருமிகள். ரிப்போர்ட் அச்சாகும்வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் போட்டேன்.