எந்தக் கென்னடி?

என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கென்னடி. அது அப்பாவின் பெயர். 1963 நவம்பர் 22-இல் அமெரிக்க அதிபர் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். மறு வருஷம் பிறந்த மகனுக்குத் தாத்தா அந்தப் பெயரை வைத்தார். தலைவர்கள் பெயரைப் பிள்ளைகளுக்கு வைப்பது நம்மூர் வழக்கம்தானே. நடிகர் விக்ரமின் இயற்பெயரும் கென்னடிதான்.

நான் நர்ஸாக வேலை பார்ப்பது அயர்லாந்தின் லிமெரிக்கில். பக்கத்தில் வடக்கு டிப்பெரரி, பழைய கென்னடிகளின் சீமை. அங்கிருந்து வரும் பெரியவர்கள் என் பேட்ஜைப் பார்த்ததும் "நீ எந்தக் கென்னடிம்மா?" என்று கேட்பார்கள். விளையாட்டாகக் கேட்பதில்லை. ஒரு காலத்தில் இந்தக் குடும்பமே வெள்ளை, பழுப்பு, சிவப்பு என்று மூன்று கிளையாகப் பிரிந்திருந்தது. அவர்களுக்குச் சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் படிக்க ஆரம்பித்தேன்.

ஐரிஷ் மொழியில் இது 'ஓ கின்னேடி'. 'ஓ' என்றால் பேரன், வழிவந்தவன். ஆக, அதன் பழைய வடிவமான கென்னேடிக் என்பது முதலில் ஓர் ஆளின் சொந்தப் பெயர். 1014-இல் குளோன்டார்ஃப் போரில் இறந்த பிரையன் போரு என்ற பேரரசரின் அப்பா பெயர் அதுதான். அந்த அப்பா இறந்தது 951-இல். பிரையனின் அண்ணன் மகனுக்கும் அந்தத் தாத்தா பெயரையே வைத்தார்கள். அந்தப் பேரனின் வழி வந்தவர்கள்தான் டிப்பெரரி கென்னடிகள்.

பொருளுக்கு இரண்டு விளக்கம் சொல்கிறார்கள். தலைக்கவசம் அணிந்தவன் என்பது ஒன்று, அவலட்சணமான தலை என்பது இன்னொன்று. எனக்கு இரண்டாவதை நம்பத் தோன்றுகிறது. கண்ணு படக்கூடாது என்று பிள்ளைக்குப் பிச்சை, குப்பு என்று பெயர் வைத்த ஊர்க்காரிக்கு அதில் ஆச்சரியம் இல்லை.

அதிபரின் கொள்ளுத்தாத்தா பேட்ரிக் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்தவர். உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் டங்கன்ஸ்டவுன் பண்ணையை விட்டுப் பாஸ்டனுக்குக் கப்பலேறினார். அந்தப் பண்ணைக்கு அதிபர் 1963 ஜூனில் வந்துபோனார். இன்று அமெரிக்காவில் இந்தப் பெயரைப் பெண் குழந்தைகளுக்குத்தான் அதிகம் வைக்கிறார்கள்.

ஆள் பெயர் குடும்பப் பெயராகி, தாத்தா கையால் மறுபடி ஆள் பெயராகி, என் பாஸ்போர்ட்டில் திரும்பவும் குடும்பப் பெயராகிவிட்டது. என் மகன் பிறந்தால் கென்னடி என்றே வைக்க எனக்கு ஆசை. பேரனுக்குத் தாத்தா பெயர். அப்பா சம்மதிக்கவில்லை. நல்ல தமிழ்ப் பெயராக வை என்கிறார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.