தெருவிளக்குக் கம்பத்தில் கார் சார்ஜ்: எங்கள் தெருவுக்கு அது வந்த விதம்

லண்டனில் தொடர்வீட்டில் குடியிருப்பவர்கள் மின்கார் வாங்கினால் எங்கே சார்ஜ் போடுவது என்று உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உள்ளூராட்சிக் கவுன்சிலிடம் கேட்டு வாங்கலாம் என்றால் நம்புவதற்குத் தயங்குகிறார்கள். எங்கள் தெருவில் இப்போது விளக்குக் கம்பத்திலேயே சார்ஜ் போடுகிறோம். அது எப்படி வந்தது, வந்த பிறகு என்ன சிக்கல், எதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும் என்பதையெல்லாம் இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு முன்முற்றம் கிடையாது. கதவைத் திறந்தால் ஒரு சின்ன மதில், அதைத் தாண்டினால் நடைபாதை, பிறகு தெரு. கார் நிற்பது தெருவில், அதுவும் இடம் கிடைத்த இடத்தில். 2023 ஆகஸ்ட் 29 அன்று யூலெஸ் வலயம் (புகை கூடிய வாகனங்களுக்குக் கட்டணம் அறவிடும் வலயம்) லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, யூரோ 6 என்னும் புகைத் தரத்துக்கு முந்திய எங்கள் டீசல் காரை எடுத்த நாளுக்கெல்லாம் 12.50 பவுண் கட்டவேண்டி வந்தது. பழைய காரை உடைக்கக் கொடுத்தால் 2,000 பவுண் கிடைக்கும் திட்டம் அப்போது இருந்தது. அந்தக் காசையும் போட்டு, 40 யூனிட் (கிலோவாட்-மணி) பிடிக்கும் பற்றரியுள்ள ஒரு பழைய நிசான் லீஃப் வாங்கினோம்.

கார் நல்ல கார். சார்ஜ்தான் பிரச்சினை. சுப்பர்மார்க்கெட் வாசலில் இருந்த வேக சார்ஜரில் யூனிட்டுக்கு 70 பென்ஸுக்கு மேல். லீஃப் ஒரு யூனிட்டுக்கு மூன்றரை மைல் ஓடும் என்று வைத்துக் கணக்குப் பார்த்தால், டீசல் காரைவிட மைலுக்குக் கூடுதலாகச் செலவானது. அதே நேரம், வீட்டு வாசலில் கார் நிறுத்தும் வசதியுள்ள என் மைத்துனர் இரவுக் கட்டணத்தில் யூனிட்டுக்கு 7 பென்ஸ் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே நகரம், ஒரே மின்சாரம், பத்து மடங்கு வித்தியாசம். இந்த அநியாயம்தான் என்னைக் கவுன்சில் வரைக்கும் கொண்டுபோனது.

வீட்டிலிருந்து கம்பி இழுத்து நடைபாதைக்குக் குறுக்கே விடலாமே என்று பலர் கேட்பார்கள். எங்கள் கவுன்சில் அதை அனுமதிப்பதில்லை. அது சரியான முடிவு என்றே நான் நினைக்கிறேன். எங்கள் தெருவால் குழந்தைவண்டியும் சக்கரநாற்காலியும் தினமும் போகின்றன. நடைபாதையில் ஒடுங்கிய பள்ளம் வெட்டி, அதற்குள் கம்பியைப் புதைத்துவிடும் முறையைச் சில கவுன்சில்கள் ஏற்றுக்கொண்டிருக்கின்றன. ஆனால் சொந்த வீட்டுக்கு முன்னாலேயே கார் நிறுத்த இடம் கிடைத்தால்தானே அந்தப் பள்ளத்தால் பயன்? எங்கள் தெருவில் அது நிச்சயமில்லை.

கவுன்சிலின் இணையதளத்தில் ஒரு வரைபடம் இருக்கிறது. சார்ஜர் வேண்டிய இடத்தில் குறி வைத்து, முகவரியைக் கொடுத்து, மின்கார் ஏற்கெனவே இருக்கிறதா அல்லது வாங்கப்போகிறீர்களா என்று சொல்ல வேண்டும். நிரப்பி அனுப்பினேன். நன்றி சொல்லி ஒரு தானியங்கி மின்னஞ்சல் வந்தது. அதன் பிறகு மாதக்கணக்காக எந்தச் சத்தமும் இல்லை.

சார்ஜர் வைத்தே ஆக வேண்டும் என்று கவுன்சிலைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இங்கே இல்லை. மத்திய அரசு தரும் நிதியை வைத்துத்தான் செய்கிறார்கள். 2017 முதல் குடியிருப்புத் தெருக்களுக்கென ஒரு மானியம் இருந்தது. பிறகு இங்கிலாந்து முழுவதற்குமாக 381 மில்லியன் பவுண் நிதி ஒன்று வந்தது. காசு அளவாக இருப்பதால், எந்தத் தெருவில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பங்கிடுகிறார்கள். 2000ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ், எங்கள் தெருவிலிருந்து எத்தனை கோரிக்கைகள் வந்திருக்கின்றன என்று கேட்டு எழுதினேன். இருபது வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும், தந்தார்கள். மூன்று. தெரு முழுக்கச் சார்ஜ் இல்லை, சார்ஜ் இல்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். கவுன்சிலின் கணக்கில் நாங்கள் மூன்று பேர்.

அந்த எண்ணைத் தெருவின் வட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதலில் கதவைத் தட்டி வந்தவர் மினிகாப் ஓட்டும் அண்ணை. 2023 ஜனவரி முதல் லண்டனில் புதிதாக உரிமம் பெறும் மினிகாப் எதுவும் புகையின்றி ஓடக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் அவர் கடன்பட்டு மின்கார் எடுத்திருந்தார்.

"இரவு இரண்டு மணிக்கு வேலை முடிந்து வந்து, பிறகு சார்ஜருக்கு முன்னால் ஒரு மணித்தியாலம் குந்தியிருக்க வேண்டும் தம்பி. நான் எப்போது நித்திரை கொள்வது?" என்றார்.

அவரும் நானும் வீடு வீடாகப் போனோம். மின்கார் இல்லாதவர்களும் "அடுத்தது மின்கார்தான்" என்று விண்ணப்பம் போட்டார்கள். வரைபடத்தில் குறிவைக்கத் தெரியாதவர்களுக்கு நாங்கள் பக்கத்தில் இருந்து காட்டினோம்.

அடுத்ததாக, வட்டாரக் கவுன்சிலர் நூலகத்தில் நடத்தும் மக்கள் சந்திப்புக்குப் போனோம். குறையை மட்டும் சொல்லிவிட்டு வராமல், கையில் ஒரு தாள் கொண்டுபோனோம். அந்தத் தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வேலையை நகர்த்தியது அதுதான்.

ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் கண்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு எண் ஒட்டப்பட்டிருக்கும். கம்பத்தின் அடியில் சின்னக் கதவு, அதற்குள் மின் இணைப்பு. பழைய மஞ்சள் சோடியம் விளக்குகளை எடுத்துவிட்டு எல்.இ.டி. போட்ட பிறகு அந்த இணைப்பில் நிறைய மின்சாரம் மிஞ்சுகிறது. அதைத்தான் சார்ஜருக்கு எடுக்கிறார்கள். ஆனால் எல்லாக் கம்பமும் உதவாது. தெருவிளிம்பில் நிற்கும் கம்பம் என்றால் கார்க் கம்பி நேரே காருக்குப் போகும். வீட்டு மதிலோரம் நிற்கும் கம்பம் என்றால் கம்பி நடைபாதையைக் கடக்க வேண்டும், ஆகவே அது கழிந்துபோகும். கொங்கிரீட் கம்பங்களிலும் மெலிந்த பழைய கம்பங்களிலும் சார்ஜரைப் பொருத்த இடமிருக்காது. நான் ஒரு மாலையில் தெருவின் இரண்டு பக்கமும் நடந்து, ஒவ்வொரு கம்பத்தின் எண், அது எங்கே நிற்கிறது, முன்னால் கார் நிறுத்தலாமா அல்லது மஞ்சள் கோடா என்று எழுதிக்கொண்டேன். ஒன்பது கம்பங்களில் நான்குதான் தேறின. கவுன்சிலர் அந்தத் தாளை அப்படியே போக்குவரத்துப் பிரிவுக்கு அனுப்பினார். இரண்டு கிழமைக்குள் ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துவிட்டு, நான்கில் மூன்றைச் சரி என்றார்.

பொருத்தும் வேலை பெரிதில்லை. காலையில் வான் வந்தது, மத்தியானத்துக்குள் முடித்துவிட்டார்கள். தெருவைத் தோண்டவில்லை. இடுப்பளவு உயரத்தில் கம்பத்தோடு ஒட்டி ஒரு துளை, அதன் மேல் மூடி, பக்கத்தில் கியூ.ஆர். குறி, ஒரு சின்னப் பச்சை வெளிச்சம். அவ்வளவுதான். கம்பி நம்முடையதாக இருக்க வேண்டும். காருக்கு ஒரு முனை, கம்பத்துக்கு ஒரு முனை. செருகியதும் உள்ளே "டக்" என்று பூட்டிக்கொள்ளும், இடையில் யாரும் பிடுங்க முடியாது. 5 கிலோவாட் வேகம் என்பதால் எட்டு மணித்தியாலத்தில் லீஃபின் பற்றரி ஏறக்குறைய நிறைந்துவிடும். இரவு போட்டால் காலையில் தயார்.

இனித்தான் இரண்டாவது பாதி. சார்ஜர் வந்த முதல் கிழமையிலிருந்தே அதற்கு முன்னால் பெற்றோல் கார்கள் நின்றன. நிறுத்தியவர்களில் குற்றமில்லை. குடியிருப்போர் பெர்மிட் உள்ள யாரும் அங்கே நிறுத்தலாம். கம்பத்தில் சார்ஜர் இருக்கிறது என்பதற்காக அதன் முன்னால் உள்ள இடம் மின்காருக்கு உரியதாகிவிடாது. அதற்குத் தனியாக ஒரு போக்குவரத்து ஆணை பிறப்பிக்க வேண்டும். அந்த ஆணை இருந்தால்தான் தரையில் கோடு போடலாம், பலகை வைக்கலாம், சார்ஜ் போடாமல் நிற்கும் வாகனத்துக்குத் தண்டச்சீட்டு எழுதலாம். லண்டன் தண்டச்சீட்டுகளில் அதற்கென்றே 14ஆம் இலக்கக் குற்றம் இருக்கிறது. ஆணை இல்லாவிட்டால் தண்டச்சீட்டு எழுதும் வார்டன் பார்த்துக்கொண்டு போவதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியாது. பல கவுன்சில்கள் சார்ஜரை முதலில் வைத்துவிட்டு, ஆணையைப் பிறகு பார்க்கலாம் என்று விடுகின்றன. தரிப்பிடம் குறைகிறது என்று மக்கள் எதிர்ப்பார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. எனக்கு இதில் உடன்பாடில்லை. மினிகாப் அண்ணை மாதிரி இரவு இரண்டு மணிக்கு வருபவருக்கு, எட்ட முடியாத சார்ஜர் இருந்தும் ஒன்றுதான் இல்லாமலும் ஒன்றுதான்.

ஆணை கேட்டு எழுதினோம். இரண்டு இடங்களை மின்காருக்கு ஒதுக்கும் வரைவு அறிவிப்பு வந்தது. உள்ளூர்ப் பத்திரிகையிலும் லண்டன் கசெட் என்னும் அரசிதழிலும் போட்டார்கள், பிளாஸ்டிக் உறையிட்டு அதே கம்பத்திலும் கட்டினார்கள். ஆட்சேபம் சொல்ல 21 நாள். ஆட்சேபம் வந்தது. அதுவும் எனக்கு நன்றாகத் தெரிந்த அன்ரியிடமிருந்து.

"தம்பி, எனக்குக் கார் இல்லை. சனிக்கிழமை மகள் சாமான் கொண்டுவந்து இறக்கும்போது எங்கே நிறுத்துவாள்? நான் அந்தத் தொலைவுக்கு நடக்க மாட்டேனே" என்றார்.

நியாயமான கேள்வி. அவருடைய வாசலுக்கு நேரே ஒரு மின்கார் இடம் வரவிருந்தது. மறுபடியும் தாளை எடுத்துப் பார்த்தோம். மூன்று கம்பங்களில் ஒன்று தெருமுனை வீட்டின் பக்கச் சுவருக்கு நேரே தெருவிளிம்பில் நிற்கிறது, அதன் எதிரே எவருடைய வாசலும் இல்லை. மின்காருக்கான இரண்டு இடங்களையும் அந்தப் பக்கச் சுவரோரம் மாற்றிவிட்டு, மற்றக் கம்பங்களின் முன்னால் எல்லோருக்கும் பொதுவாக விடலாம் என்று எழுதிக் கொடுத்தோம். அன்ரி தன் ஆட்சேபத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆணை நிறைவேறி, கோடும் போட்டாயிற்று. ஒரு தெருவில் எங்கே யார் வாசல், யாருக்கு முழங்கால் வலி என்பதெல்லாம் அலுவலகத்து வரைபடத்தில் இருக்காது. தெருவில் இருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

பழுதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் எங்கள் கம்பம் ஒன்றில் பச்சை வெளிச்சம் அணைந்தது. சார்ஜரை நடத்தும் நிறுவனம் மின் இணைப்பில் கோளாறு என்றது. கவுன்சில் நிறுவனத்திடம் கேட்கச் சொன்னது. 2023ஆம் ஆண்டின் பொது சார்ஜர் ஒழுங்குவிதிகள் 99 சதவீத நம்பகத்தன்மையைக் கேட்பது 50 கிலோவாட்டும் அதற்கு மேலுமான வேக சார்ஜர்களிடம் மட்டுமே, விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வங்கி அட்டையைத் தொட்டுக் காசு கட்டும் வசதியும் அப்படித்தான். 8 கிலோவாட்டுக்குக் குறைந்த சார்ஜர்களுக்கு அது கட்டாயமில்லை. அதனால் எங்கள் கம்பத்தில் கைப்பேசி இல்லாமல் சார்ஜ் போட முடியாது. வயதானவர்களுக்கு இது பெரிய தடை, மாற்றப்பட வேண்டிய விதி. ஆனால் 2024 நவம்பர் முதல் இருபத்துநான்கு மணிநேரமும் இலவசமாக அழைக்கக்கூடிய உதவி எண் இருந்தே ஆக வேண்டும். அதை அழைத்து, கம்ப எண்ணைச் சொல்லி, முறைப்பாட்டு எண்ணை வாங்கிக்கொண்டு, அந்த எண்ணோடு கவுன்சிலருக்கும் போக்குவரத்துப் பிரிவுக்கும் நிறுவனத்துக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்பினேன். மூவரும் ஒரே கடிதத்தில் இருந்தால் ஒருவர் மற்றவரைக் காட்ட முடியாது. பழுது திருத்தப்பட்டது.

இப்போது பகலில் யூனிட்டுக்கு 50 பென்ஸுக்கு மேலே, நள்ளிரவுக்குப் பின் அதைவிடக் குறைவு. சுப்பர்மார்க்கெட்டை விட நல்லது, மைத்துனரின் 7 பென்ஸுக்குக் கிட்டவும் இல்லை. வீட்டு மின்சாரத்துக்கு 5 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு) வரி, பொது சார்ஜருக்கு 20 சதவீதம் என்று கட்டிவருகிறோம். முற்றம் உள்ளவருக்குக் குறைந்த வரி, தெருவில் நிறுத்துபவருக்குக் கூடிய வரி என்பதை எந்த நியாயத்தாலும் விளங்கிக்கொள்ள முடியவில்லை. இதைக் கவுன்சிலால் மாற்ற முடியாது என்பதால் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறோம், நீங்களும் எழுதுங்கள். 2025 தொடக்கத்தில் பிரித்தானியாவில் 73 ஆயிரத்துக்கு மேற்பட்ட பொது சார்ஜர்கள் இருந்தன, 2030க்குள் மூன்று இலட்சம் வேண்டும் என்பது அரசின் கணக்கு. அந்த மூன்று இலட்சத்தில் உங்கள் தெருவும் இருக்க வேண்டுமானால் உங்கள் தெருவிலிருந்து விண்ணப்பம் போக வேண்டும்.

எங்கள் வேலை முடியவில்லை. சக்கரநாற்காலியில் இருக்கும் அயலவர் ஒருவர் மின்கார் வாங்க நினைக்கிறார். கம்பத்துக்கும் காருக்கும் இடையில் அவர் திரும்ப இடம் போதாது. சார்ஜரின் உயரம், சுற்றியுள்ள இடம், நடைபாதை விளிம்பு ஆகியவற்றுக்கு 2022இல் வெளியான பாஸ் 1899 என்னும் தரவிதி இருக்கிறது. அதைக் காட்டி, தெருமுனையில் அகலமான ஒரு இடம் கேட்டிருக்கிறோம். அடுத்த தெருவிலிருந்தும் வந்து கேட்டார்கள். கம்ப எண்களைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். அவர்களுடைய விண்ணப்பத்தில் சார்ஜரையும் தரிப்பிட ஆணையையும் ஒரே கடிதத்தில் சேர்த்தே கேட்கப்போகிறோம்.