தாத்தா பேர்

ஏற்காட்டில் நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று பனி இறங்கிவிட்டால் மெழுகுவர்த்தி நிற்காது. கொட்டாங்குச்சியை மறைப்பாக வைத்துத்தான் ஏற்றுவோம். ஏழு வயதில் அப்படிக் குனிந்தபோதுதான் தாத்தா கல்லறையில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அல்போன்ஸ். என் பேர். பயந்து அழுதுவிட்டேன். பெரியப்பா மகன் என் கையைப் பிடித்து, "தாத்தா பேர்டா, நம்ம ரெண்டு பேருக்கும் வச்சிருக்காங்க" என்றான். அவனும் அல்போன்ஸ்.

அம்மா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. மாமனார் பேராச்சே. கடைசிவரை 'தம்பி'தான்.

ஸ்பெயின் வரலாற்றை நான் தேடிப் படித்ததே இந்தப் பேருக்காகத்தான். லியோனையும் காஸ்டீலையும் சேர்த்து ஆண்ட ஏழாம் அல்போன்சோ 1157-இல் இறந்தார். மூத்தவர் சான்சோவுக்குக் காஸ்டீல், இளையவர் பெர்னாண்டோவுக்கு லியோன் என்று பாகமானது. மண்ணைப் பிரித்துக்கொண்டார்கள், அப்பா பேரை மட்டும் இருவருமே தங்கள் மகனுக்கு வைத்தார்கள். காஸ்டீலில் எட்டாம் அல்போன்சோ, லியோனில் ஒன்பதாம் அல்போன்சோ. எண்ணைப் பார்த்தால் ஒருவருக்குப் பின் ஒருவர் ஆண்டதுபோல இருக்கும். 1188 முதல் 1214 வரை பக்கத்துப் பக்கத்து நாடுகளில் ஒரே காலத்தில் ஆண்ட பங்காளிகள் அவர்கள். கிழக்கே அரகோனில் 1196 வரை இன்னொரு அல்போன்சோ. போர்ச்சுகலின் முதல் அரசர் அபோன்சோ என்ரிக்கஸ், ஆறாம் அல்போன்சோவின் மகள் வயிற்றுப் பேரன். பேரன் என்றால் பெயரன், பாட்டன் பேரைத் தாங்குகிறவன் என்பது நமக்குச் சொல்லியா தெரியவேண்டும்!

லியோன்காரர் எட்டாமவரின் மகள் பெரெங்கேலாவைக் கட்டினார். நம் கணக்கில் பங்காளி மகள், மகள் முறை. போப் மூன்றாம் இன்னசென்டும் நெருங்கிய ரத்தம் என்று ஒப்பவில்லை; பிரிய வேண்டியதாயிற்று. 1212-இல் லாஸ் நாவாஸ் தெ தொலோசாவில் வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அல்மொஹாத் என்ற முஸ்லிம் அரசின் படையோடு எட்டாமவர் மோதியபோது அரகோன் அரசர் வந்தார், நவார் அரசர் வந்தார். தாத்தா பேரைப் பகிர்ந்த பங்காளி வரவில்லை.

அந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காப்பித் தோட்டம் பாகமான பிறகு அப்பாவும் பெரியப்பாவும் ஒன்பது வருடம் பேசவில்லை. கல்லறைக்குக்கூட ஒருவர் காலையில் வருவார், மற்றவர் சாயங்காலம்.

பெரெங்கேலாவின் மகன் மூன்றாம் பெர்னாண்டோதான் 1230-இல் இரண்டு நாட்டையும் ஒன்றாக்கினார். தலைமகனுக்குத் தன் அப்பா பேரையே வைத்தார். அந்தப் பிள்ளைதான் ஞானி என்று பேரெடுத்த பத்தாம் அல்போன்சோ. 1283-இல் முடிந்த அவருடைய சதுரங்க நூலின் படங்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

போன நவம்பரில் அண்ணன் குடும்பத்தோடு மேலே வந்திருந்தான். அவன் பேரனுக்கு மூன்று வயது. கல்லறைகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தான். "அல்போன்ஸ், இங்க வாடா" என்று அவன் மருமகள் சத்தமாகக் கூப்பிட்டாள். கொட்டாங்குச்சியைக் கையில் வைத்திருந்த நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம்.