போட்டி ‘குறைவு’ என்று காட்டிய தேடுசொல்

நாகர்கோவிலில் இருந்துகொண்டு சிறு வணிகர்களுக்கு இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். மார்த்தாண்டத்திற்கு அருகே தேனீப் பெட்டிகள் வைத்திருக்கும் ஓர் அண்ணனின் தளத்துக்காக நான் முதலில் தேர்ந்தெடுத்த தேடுசொல், அதாவது கூகுளில் தேடும்போது அவர் தளம் முன்னே வர வேண்டிய சொல், ‘தேனின் பயன்கள்’. ஒரு சொல் எவ்வளவு தேடப்படுகிறது என்று காட்டும் கூகுள் கீவேர்டு பிளானர் அதற்குத் தேடல் மிகுதி, போட்டி குறைவு என்று காட்டியது. அதை நம்பி நான்கு நீண்ட கட்டுரைகள் எழுதினேன். ஆறு மாதம் கழித்து, “தம்பி, நம்ம பக்கத்த ஒருத்தரும் பாக்கலியா?” என்று அவர் கேட்டபோது, முடிவுகளில் வெகுதூரம் தேடிச் சென்றும் அவருடைய தளத்தை என்னால் எடுத்துக்காட்ட முடியவில்லை.

தவறு கருவியினுடையது அல்ல, நான் அதைப் படித்த விதத்தினுடையது. கீவேர்டு பிளானர் விளம்பரதாரர்களுக்காக உருவானது. அதில் ‘போட்டி’ என்ற பத்தி, அந்தச் சொல்லுக்கு எத்தனை பேர் விளம்பர ஏலம் கேட்கிறார்கள் என்பதை மட்டுமே சொல்கிறது. ‘தேனின் பயன்கள்’ என்று தேடுபவர் படிக்க வந்தவர், வாங்க வந்தவர் அல்லர். ஆகவே அங்கே விளம்பரம் கொடுக்கப் பலர் முன்வருவதில்லை, போட்டியும் ‘குறைவு’ என்றே தெரிகிறது. ஆனால் விளம்பரமில்லாத இயல்பான முடிவுகளில் நாளிதழ்களும் பெரிய மருத்துவத் தளங்களும் இடம்பிடித்து உட்கார்ந்திருக்கின்றன. இதற்கு நேர்மாறாக, ‘ஆன்லைனில் தேன்’ போன்ற வாங்கும் சொற்களுக்கு ஏலம் மிகுதி என்பதால் ‘அதிகம்’ என்று காட்டும். அது ஒன்றையே காரணமாகக் கொண்டு அவற்றை ஒதுக்கிவிடவும் கூடாது.

ஏரெஃப்ஸ், செம்ரஷ் போன்ற கருவிகள் இயல்பான முடிவுகளில் இடம்பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணாகத் தருகின்றன. ஏரெஃப்ஸின் எண், முதல் பத்து இடங்களில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை வெளித்தளங்கள் இணைப்புக் கொடுத்துள்ளன என்பதை அடிப்படையாகக் கொண்டது. கணக்கிடும் முறை கருவிக்குக் கருவி வேறுபடுவதால், ஒன்றின் 30-ஐ மற்றொன்றின் 30-உடன் ஒப்பிடுவதில் பொருளில்லை. தமிழ்ச் சொற்களுக்கோ பெரும்பாலும் தரவே போதாது.

ஆகவே இப்போது நான் செய்வது, அந்தப் பத்துப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பதுதான். உலாவியின் மறைநிலைச் சாளரத்தில் (இன்காக்னிட்டோ) தேடி, முதலில் தலைப்புகளைப் பார்க்கிறேன்: தேடிய சொற்றொடர் தலைப்பிலேயே இருக்கிறதா, அல்லது கூகுள் வேறு வழியின்றி ஒட்டுறவு குறைந்த பக்கங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறதா? கேள்வி-பதில் தளமான குவோராவின் பழைய கேள்வி ஒன்று முதல் ஐந்துக்குள் இருந்தால், அந்தப் பொருளில் முழுமையாக எழுதியவர் குறைவு என்றே கொள்கிறேன். பத்தும் அமேசான், ஃபிளிப்கார்ட் போன்ற தளங்களின் பொருள் வரிசைகளாக இருந்தால், கட்டுரை எழுதி அங்கே நுழைவது வீண் முயற்சி. அருகிலுள்ள கடைகளைக் காட்டும் வரைபடப் பெட்டி மேலே வந்தால், கடையின் கூகுள் வணிகப் பதிவைச் சீர்செய்வதுதான் முதல் வேலை. அங்கே பொருத்தம், தொலைவு, பெயர்பெற்ற நிலை ஆகிய மூன்றைக் கொண்டே இடம் தீர்மானமாகிறது. முடிவுகளின் மொத்த எண்ணிக்கையை நான் பொருட்படுத்துவதே இல்லை. லட்சக்கணக்கான பக்கங்கள் இருக்கட்டும். நாம் மோத வேண்டியது முதல் பத்துடன் மட்டுமே.

எழுத்து வடிவத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். ‘தேன்’ என்பதை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்பவர் பலர். அப்படி எழுதும்போது அது ஆங்கிலத்தில் ‘பிறகு’ என்று பொருள்படும் சொல்லோடு கலந்துவிடுகிறது, தேனீ என்பது தேனி மாவட்டத்தின் பெயரோடு கலந்துவிடுகிறது. ஒரே பொருளுக்கு ஒவ்வொரு வடிவத்திலும் வேறு பத்துப் பக்கங்கள் வருவதால், ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிக்கிறேன்.

இப்படிப் பார்த்துப் பழகியபோதுதான் அண்ணனின் தொலைபேசியிலேயே நல்ல தேடுசொற்கள் இருப்பதை உணர்ந்தேன். எங்கள் மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பர் மரத்திலிருந்து வருவது. மரம் இலையுதிர்த்துத் தளிர்விடும் பருவத்தில், பூவிலிருந்து அல்லாமல் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் மதுவைத் தேனீக்கள் எடுக்கின்றன. அந்தத் தேன் விரைவில் உறைந்துவிடும். வாங்கியவர்கள் புட்டியின் அடியில் படிந்த வெள்ளைக் கட்டியைப் படமெடுத்து அனுப்பி, சர்க்கரை கலந்ததா என்று கேட்கிறார்கள். ‘ரப்பர் தேன் உறைவது ஏன்’ என்று தேடிப் பார்த்தேன். வந்தவை எல்லாம் தேன் உறைவதைப் பொதுவாகப் பேசின. ரப்பர் தேனைப் பற்றி நேராக விடை சொல்லும் ஒரு பக்கமும் இல்லை. பிளானரில் இந்தச் சொல்லுக்குத் தேடல் எண்ணிக்கையே காட்டவில்லை. இருந்தும் கேள்வி உண்மையானது, கேட்பவர் தேன் வாங்குபவர், விடை தெரிந்தவர் பெட்டிக்கு அருகில் நிற்பவர்.

அண்ணன் சொல்லச் சொல்ல எழுதி, அவர் எடுத்த புகைப்படங்களுடன் அந்தப் பக்கத்தை வெளியிட்டோம். அதன்பின், தளம் எந்தச் சொல்லுக்கு எத்தனையாவது இடத்தில் வருகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலில் சராசரி இடம் 10-க்கும் 20-க்கும் இடையில் உள்ள சொற்களைக் குறித்துவைத்து, அவை ஒவ்வொன்றுக்கும் மறுபடியும் பத்துப் பக்கங்களைத் திறந்து படித்தேன். அந்தப் பட்டியலில் இப்போது முதலில் இருப்பது, ‘உறைந்த தேனை வெயிலில் வைக்கலாமா’ என்பது. அதற்கான விடையை அண்ணன் நேற்று இரவு குரல்பதிவாக அனுப்பியிருக்கிறார்.